அப்பா கடல்ல, அம்மா பாசி எடுக்க: நம்ம கடலோரப் பள்ளிக்கூடத்துக்கு பாதுகாப்பு பிளான் போடுறது எப்படி?

காலையில 11 மணிக்கு உங்க பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்குற ஒரு பிள்ளையோட அப்பா எங்க இருப்பாரு, அம்மா எங்க இருப்பாங்க, அந்த நேரத்துல போன் போட்டா யாரு எடுப்பாங்க? இதுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பதில் சொல்ல முடிஞ்சா உங்க பாதுகாப்பு பிளான் பாதி முடிஞ்சுச்சுன்னு வச்சுக்கோங்க. சொல்ல முடியலன்னா, எத்தனை பக்கத்துல ஃபைல் போட்டு சீல் குத்தி பீரோவுல வச்சிருந்தாலும் அது பிளான் இல்ல.

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துல ஒரு கடலோர ஊர்ல 14 வருஷமா டீச்சரா இருக்கேன். எங்க பள்ளிக்கூடத்துலயும் அப்படி ஒரு ஃபைல் இருந்துச்சு, நல்லா டைப் அடிச்சு ஸ்பைரல் போட்டது. சில வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி மாசம், காலையில நல்லா இருந்த வானம் 10 மணிக்கு மேல இருட்டி ஊத்த ஆரம்பிச்சிருச்சு, மதியம் லீவுன்னு தகவல் வந்ததும் அவசர அவசரமா பிள்ளைகள அனுப்பிட்டோம். கொஞ்ச நேரத்துல மூணாம் வகுப்பு பிள்ளை ஒண்ணோட அம்மா நனைஞ்ச சேலையோட ஓடி வந்து "டீச்சர், எம்பிள்ள எங்க?"ன்னு கேட்டாங்க. அவங்க கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போயிட்டு அப்பத்தான் கரையேறி வந்திருக்காங்க, அப்பா தங்கலுக்கு, அதாவது நாள்கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தாரு, வீடு பூட்டிக் கிடக்கு. பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போனதுன்னு எங்க யாருக்குமே தெரியல. ரெண்டு மணி நேரம் தேடினோம், ஊருணிக் கரை, வலைக்கொட்டகை, படகுத்துறைன்னு ஒரு இடம் விடல. கடைசியில ரெண்டு தெரு தள்ளி பெரியம்மா வீட்டுல சோறு சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு இருந்தா. பிள்ளை பத்திரமாத்தான் இருந்தா, ஆனா அந்த ரெண்டு மணி நேரம் அந்தம்மா முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கல. எங்க ஃபைல்ல புயல் வந்தா என்ன பண்ணணும்னு மூணு பக்கம் இருந்துச்சு. அவள யார்கிட்ட ஒப்படைக்கணும்னு ஒரு வரி கூட இல்ல.

அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ஒப்படைப்பு நோட்டு. அட்மிஷன் ரெஜிஸ்டர்ல இருக்குற நம்பர நம்பாதீங்க, அதுல பாதி சிம்மு மாறியிருக்கும், மீதி அப்பா நம்பரா இருக்கும், அப்பா கடல்ல இருக்குறப்ப அது டவர்ல இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூணு பேர் வேணும், அதுல ஒருத்தர் கண்டிப்பா பகல்ல கரையில இருக்கிறவரா இருக்கணும். அப்பத்தா, பெட்டிக்கடை அக்கா, ஐஸ் கம்பெனியில வேலை பார்க்குற மாமா, யாரா இருந்தாலும் சரி, ஆனா அந்தப் பிள்ளையோட அம்மா அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆளா இருக்கணும். கூப்பிடுற பேரையும் எழுதுங்க. எங்க ஊர்ல ஒரே பேர்ல ஏழு பேர் இருக்காங்க, பட்டப்பேர் சொன்னாத்தான் ஆள் தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம்னா வாப்பா வெளிநாட்டுல இருப்பாங்க, அங்க வாட்ஸ்அப் நம்பர் வேற, ஊர் நம்பர் வேற, ரெண்டும் வாங்கணும். யார்கிட்ட கொடுக்கக் கூடாதுன்னு ஒரு பிள்ளைக்கு இருந்தா, அம்மா அப்பா பிரிஞ்சு இருக்குறது, கோர்ட்டு கேஸ் இருக்குறது, அதையும் எச்எம் மட்டும் பாக்குற மாதிரி தனியா குறிச்சு வைங்க.

இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம், அப்ப அப்பாக்கள் கரையில இருப்பாங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த கையோட கூட்டம் போட்டு நோட்ட முடிச்சிருங்க, தடை முடிஞ்சு படகு இறங்கிருச்சுன்னா அப்புறம் ஒரு ஆள் சிக்க மாட்டாரு.

அடுத்து யாரெல்லாம் உக்காந்து பிளான் போடணும்ங்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுதான் அடிப்படை, ஆனா அதோட நிறுத்தாதீங்க. சத்துணவு அமைப்பாளர், சமையல் அக்கா, காலை உணவு சமைக்கிற குழு அக்கா, தூய்மைப் பணியாளர், விஏஓ, கிராம செவிலியர், ஊர்த்தலைவர் அல்லது ஜமாத்துல ஒருத்தர், ஒரு வயசான மீனவர். கடைசி ஆள விட்டுராதீங்க. வாடைக் காத்து எந்த மூலையில திரும்புனா எந்தத் தெருவுல தண்ணி ஏறும்னு அவருக்குத் தெரியும், எந்த மேப்லயும் அது இருக்காது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரையும் சேத்துக்கோங்க, எந்தச் சுவர ஏறிக் குதிச்சு வெளிய போறாங்கன்னு அவங்கதான் சொல்லணும்.

உக்காந்து பேசுறதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து ஒரு தடவை கட்டடத்தச் சுத்தி நடங்க. கையில ஒரு நீளமான மூங்கில் கம்பு எடுத்துக்கோங்க. நம்ம உப்புக் காத்துல கட்டடம் உள்ளுக்குள்ள இருந்துதான் கெடும், கான்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடிச்சா கம்பி பருக்கும், பருத்தா மேல இருக்குற காரைய வெளிய தள்ளும். கீழ நின்னு பாத்தா வெள்ளையடிச்சு அழகாத்தான் தெரியும். ஓரமா நின்னுக்கிட்டு கம்பால கூரைய மெல்லத் தட்டிக்கிட்டே போங்க, கெட்டியா இருக்குற இடத்துல 'டக் டக்'னு கேக்கும், பெயர்ந்து நிக்கிற இடத்துல காலிப் பானையத் தட்டுன மாதிரி கேக்கும். கம்பி ஓடுற திசையிலயே நேர்கோடா விரிசல் போறது, அதுல பழுப்புக் கறை வடியிறது, சன்ஷேடு ஓரம் உதிர்றது, இதெல்லாம் கண்டா அன்னைக்கே அந்த வகுப்பக் காலி பண்ணி வேற அறைக்கு மாத்திட்டு, போட்டோ எடுத்து எழுத்துல பிடிஓ ஆபீஸுக்கும் கல்வி ஆபீஸுக்கும் கொடுத்து ரசீது வாங்கிருங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பையன்க செத்துப்போனாங்க. அதனால வகுப்பறைய மட்டும் பாக்காம கழிப்பறைச் சுவர், காம்பவுண்டு சுவர், சைக்கிள் ஷெட்டு, பழைய தண்ணித்தொட்டி எல்லாத்தையும் பாக்கணும்.

செப்டிக் டேங்க் மூடி, சம்ப் மூடி ரெண்டு மேலயும் பெரியவங்க யாரும் ஏறி நிக்காதீங்க, கம்பால குத்திப் பாருங்க. இரும்புத் தகடா இருந்தா மாத்திட்டு கான்கிரீட் மூடி போடுங்க, நம்ம கரையில இரும்பு மூடிய நம்பி விடக்கூடாது. 2025 ஜனவரியில விக்கிரவாண்டியில ஒரு பள்ளிக்கூடத்துல துருப்பிடிச்ச மூடி உடைஞ்சு ஒரு சின்னக் குழந்தை உள்ள விழுந்து செத்துப்போச்சு, கடலே இல்லாத ஊர்ல அந்த நெலமைன்னா நமக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க.

கரண்டு விஷயம் சுருக்கமா. மெயின் போர்டுல ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தா கரண்ட வெட்டுற சுவிட்ச், இருக்கான்னு பாருங்க, அதுல இருக்குற டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவை அமுக்குங்க, அமுக்குனதும் டிரிப் ஆகலன்னா அது வேலை செய்யலன்னு அர்த்தம். மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரிஞ்சிருக்கணும், ஆனா கை வைக்கிற வேலை பெரியவங்களோடது.

தீ விபத்துன்னா கும்பகோணத்த நினைக்காம இருக்க முடியாது. 2004 ஜூலை 16, அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சமையல் கொட்டகையில பிடிச்ச தீ கூரையில ஏறி 94 பிள்ளைகள் போயிருச்சு. கூரைக் கொட்டகை இப்ப பள்ளிக்கூடத்துல இருக்கக் கூடாது. ஆனா ஆண்டு விழாவுக்கு, நிழலுக்குன்னு கிடுகு வேயிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. ரெண்டு நாளைக்குத்தானேன்னு விடாதீங்க, துணிப்பந்தலா இருந்தாலும் சமையலறைகிட்ட போடாதீங்க. சமையலறையில சிலிண்டர் வந்ததும் அக்கா ஒரு காரியம் பண்ணணும்: மேல கைப்பிடி வளையத்தத் தாங்குற தகட்டுல உள்பக்கம் ஒரு எழுத்தும் ரெண்டு எண்ணும் அடிச்சிருக்கும். A ன்னா மார்ச் வரைக்கும், B ன்னா ஜூன், C ன்னா செப்டம்பர், D ன்னா டிசம்பர், பக்கத்துல வருஷம். அந்த நாள் தாண்டுன சிலிண்டர வாங்காம திருப்பி விட்டுரணும். எங்க சமையல் அக்காவுக்கு இத ஒரு தடவைதான் சொன்னோம், இப்ப அவங்க ஊர்ல பாதி வீட்டுக்குப் பாத்துச் சொல்றாங்க.

தீயணைப்பான் சுவத்துல தொங்குறது மட்டும் போதாது, முள் பச்சையில நிக்கணும், துருப்பிடிச்சு பின் ஒட்டிக்கிச்சான்னு பாக்கணும். பின்ன உருவு, குழாயத் தீயோட அடிப்பக்கம் நீட்டு, அமுக்கு, இடம் வலமா வீசு. இத எல்லா டீச்சரும் சமையல் அக்காவும் ஒரு தடவையாவது கையில பிடிச்சுப் பழகியிருக்கணும். தீயணைப்பு நிலையத்துக்கு லெட்டர் கொடுத்தா அவங்களே வந்து செஞ்சு காட்டுவாங்க. வகுப்புக் கதவு வெளிப்பக்கம் திறக்குதா, வராண்டாவுல பழைய பெஞ்ச அடுக்கி வழிய அடைச்சிருக்கா, கேட்டுல பூட்டுப் போட்டா சாவி யாரு இடுப்புல இருக்கு, இதெல்லாம் அப்பவே பாத்துக்கோங்க.

சாவி பத்தித் தனியா சொல்லணும். டீச்சர்ல நிறைய பேரு ராமநாதபுரம், பரமக்குடியில இருந்து வர்றவங்க. காத்து பலமா இருந்தா பாம்பன்ல ரயில நிறுத்திருவாங்க, பஸ்ஸும் சந்தேகம். அப்ப எச்எம் வர முடியலன்னா பள்ளிக்கூடத்த யாரு திறக்குறது? ஒரு செட் சாவி ஊருக்குள்ள இருக்குற ஒரு ஆள்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டுக் கொடுத்து வைங்க, மொட்டமாடிக் கதவுச் சாவியும் அதுல இருக்கணும். நம்ம ஊரு சமதரை, ஓடி ஏற மேடு இல்ல, கடல் தண்ணி வந்தா கெட்டியான கான்கிரீட் கட்டடத்து மாடிதான் கதி. 2004 சுனாமியில நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி அளவுக்கு நமக்குச் சேதம் இல்ல, இலங்கை மறைச்சுக்கிச்சு, அன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் கூட. அத வச்சு நமக்கு வராதுன்னு இருந்துராதீங்க. தரை பலமா ஆடுனாலோ கடல் திடீர்னு உள்வாங்குனாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காம கடல விட்டு உள்பக்கமாவோ மாடிக்கோ போயிரணும், மீன் பொறுக்க இறங்கக் கூடாதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வைங்க.

புயல் நம்ம வீட்டுக் கதை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிய அழிச்ச புயல்ல பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலே கடல்ல போயிருச்சு, இப்பவும் டூர் கூட்டிட்டுப் போறப்ப பிள்ளைக அந்த இடிஞ்ச சர்ச்சப் பாத்துட்டுத்தான் வருதுக. ஆனா புயல் மட்டும்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க, 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சே, அதுக்கு எந்தப் பேரும் வைக்கல. அதனால பிளான்ல எந்தக் குறிக்கு என்ன வேலைன்னு எழுதுங்க. பாம்பன் துறைமுகத்துல 1, 2ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனா புயல் தூரத்துல இருக்கு, அன்னைக்கே ஒப்படைப்பு நோட்டுல இருக்குற கரை ஆள்களுக்கு ஒரு போன், தகர ஷீட்டு, போர்டு, பூந்தொட்டின்னு பறக்குற சாமான உள்ள எடுக்கணும். 3, 4 ஏறுனா டிசி புத்தகம், அட்மிஷன் ரெஜிஸ்டர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு உயரத்துல ஏத்தணும், சம்ப் நிறைய நல்ல தண்ணி பிடிக்கணும். 5ல இருந்து 7 அபாயம், 8ல இருந்து 10 பெரும் அபாயம், 11ன்னா தகவல் தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அந்த நெலமையில பிள்ளைக பள்ளிக்கூடத்துலயே இருக்கக் கூடாது. கலெக்டர் லீவு அறிவிப்பு சில நாள் காலையில தாமதமா வரும், அதுக்குள்ள வெள்ளன கிளம்புற பிள்ளை பாதி வழி வந்திருக்கும், வந்த பிள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்பாதீங்க, உள்ள உக்கார வச்சு நோட்டப் பாத்து ஆள வரச் சொல்லி ஒப்படைங்க. செய்தி சொல்ல வாட்ஸ்அப் குரூப்ப மட்டும் நம்பாம பள்ளிவாசல் மைக், சர்ச் மைக், கோயில் மைக் மூணுகிட்டயும் முன்கூட்டியே பேசி வச்சிருங்க.

மணி விஷயத்துல எல்லாரும் ஒரு தப்பு பண்றோம். எல்லா ஆபத்துக்கும் ஒரே மணிய அடிச்சு எல்லாரையும் கிரவுண்டுக்கு ஓடச் சொல்றது. தீன்னா வெளிய போகணும், ஆனா சூறைக்காத்து, இடின்னா உள்ள வரணும், கடல் தண்ணின்னா மேல போகணும். மூணும் மூணு திசை. எங்க பள்ளிக்கூடத்துல விடாம நீளமா அடிச்சா வெளிய, மூணு மூணாத் தட்டுனா உள்ள, விசிலும் மணியும் சேந்து கேட்டா மாடிக்கு. கரண்டு பெல்லு மழையில வேலை செய்யாது, அதனால பழைய தண்டவாளத் துண்டத்தான் திரும்பக் கட்டித் தொங்க விட்டோம். வெளிய கூடுற இடம் மரத்தடியா இருக்கக் கூடாது, பனை மட்டை தலையில விழுந்தா என்ன ஆகும்னு நம்ம ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு டீச்சரும் வருகைப் பதிவேட கையில எடுத்துட்டு வந்து தலை எண்ணணும். நடக்க முடியாத, காது கேக்காத பிள்ளை இருந்தா அந்தப் பிள்ளைய யார் தூக்குறது, அந்த ஆள் லீவுன்னா யாருன்னு ரெண்டு பேர் எழுதுங்க. பிளான்ல எந்த வேலையா இருந்தாலும் ரெண்டு பேர் வேணும், 'ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்'னு எழுதுனா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

கடல்ல குளிக்கிறது, ஊருணி, கண்மாய். கடக்கரைப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும்னு நம்ம நினைப்பு, எல்லாருக்கும் தெரியாது, பொம்பளப் பிள்ளைகள்ல நிறைய பேருக்குச் சுத்தமாத் தெரியாது. ஒருத்தர் தத்தளிச்சா பின்னாடியே குதிக்கக் கூடாது, கயிறு, துப்பட்டா, மூடி போட்ட காலிக் கேன் எதையாவது எறிஞ்சுட்டுச் சத்தம் போடணும். இத வகுப்புல பேசுனா போதாது, கிரவுண்டுல கேனுல கயிறு கட்டி எறியப் பழக்குங்க, பிள்ளைக விளையாட்டாவே கத்துக்கிருவாங்க. கரைக்குத் தூக்குனதும் தலைகீழாத் தூக்கிச் சுத்துறது, வயித்த அமுக்குறது ரெண்டும் வேண்டாம். மூச்சு இல்லன்னா உடனே வாயோட வாய் வச்சு ஊதி, நெஞ்சு நடுவுல 30 தடவை அமுக்கி 2 தடவை ஊதி, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகத்துல 108 வர்ற வரைக்கும் நிறுத்தாம செய்யணும். இதுக்கு முறையான பயிற்சி எடுத்தவங்க பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பேராவது இருக்கணும்.

பாம்பு, கருவேலங்காட்டு ஓரத்துல இருக்குற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இருக்குற பயம். சுவர் ஓரத்துல செங்கல், விறகு, ஓலை குவிச்சு வைக்காதீங்க. கடிச்சா கட்டுப் போடுறது, கீறுறது, உறிஞ்சுறது, பச்சிலை வைத்தியர்கிட்ட ஓடுறது எதுவும் கூடாது, பிள்ளைய நடக்க விடாம, கடிச்ச கையக் காலை அசைக்காம விஷமுறிவு மருந்து இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு, போக எத்தனை நிமிஷம்னு நீங்களே ஒரு தடவை வண்டியில போய் வாட்ச்சுல பாருங்க, வழியில ரயில்வே கேட் இருந்தா அதையும் கணக்குல எடுங்க.

குட்டியானை லோடு வண்டியிலயும் ஷேர் ஆட்டோவுலயும் பிள்ளைகள அடைச்சுக் கூட்டிட்டு வர்றது பத்தி பெத்தவங்ககிட்டயே பேசணும், டிரைவரத் திட்டிப் புண்ணியமில்ல, காசு கொடுக்குறது நம்மதான். ராமேஸ்வரம் ரோட்டோரம் இருக்குற பள்ளிக்கூடம்னா காலையும் சாயந்திரமும் ரோடு கடத்தி விட ஆள் முறை போடுங்க, டூர் வண்டிக வர்ற வேகத்துக்கு பிள்ளைக தனியாக் கடக்க முடியாது.

கடைசியா எழுதுறேன்னாலும் இது பெரிய விஷயம். பிள்ளைகிட்ட யாராவது தப்பா நடந்தா, அது டீச்சரோ, டிரைவரோ, சொந்தக்காரரோ, ஊர்ல கூடிப் பேசி முடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், மறைச்சா மறைச்சவங்களுக்கும் தண்டனை உண்டு, பொறுப்புல இருக்குற எச்எம், நிர்வாகிக்கு இன்னும் கூடுதல். பிள்ளைகிட்ட ஏழு பேர் ஏழு தடவை கேக்காதீங்க, பேர வெளிய விடாதீங்க. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித்துறையோட உதவி எண் 14417, ரெண்டும் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. ஆபீஸ் ரூம் வாசல்ல ஒட்டுனா எந்தப் பிள்ளையும் நின்னு எழுதிக்காது. அதே மாதிரி பிள்ளைக புகார் எழுதிப் போடுற 'மாணவர் மனசு' பெட்டி எச்எம் ரூம் முன்னாடி இருந்தா இடத்த மாத்துங்க.

இதெல்லாம் எழுதி முடிச்சா நாலு பக்கத்துக்கு மேல வரக் கூடாது. முதல் பக்கத்துல போன் நம்பர் மட்டும்: 108, 101, 100, மாவட்டப் பேரிடர் 1077, மாநிலத்துக்கு 1070, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, அப்புறம் ஊர்ல வண்டி வச்சிருக்குற மூணு பேர். லேமினேட் பண்ணி எல்லா வகுப்புலயும் சமையலறையிலயும் ஆணியில மாட்டுங்க, கயித்துல கட்டுங்க, கம்பி வேண்டாம், துருப்பிடிச்சு அறுந்துரும்.

ஒத்திகைய மாசம் ஒண்ணு வைங்க, சொல்லாமலும் வைங்க, மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை வச்சுப் பாருங்க, அப்பத்தான் எது ஓட்டைன்னு தெரியும். நாங்க அப்படி வச்சப்ப முதல் தடவை ரெண்டாம் வகுப்பு பூராவும் தட்டோட கிரவுண்டுக்கு வந்துருச்சு, கழிப்பறையில இருந்த ஒரு பையன யாருமே கூப்பிடல. அன்னையில இருந்து கழிப்பறைய எட்டிப் பாத்துட்டு வர்றதுக்குன்னே ரெண்டு பேர் பேர் எழுதியிருக்கோம்.

ஒவ்வொரு மாசமும் முதல் திங்கக்கிழமை நாங்க ஒப்படைப்பு நோட்டத் திறந்து வகுப்புக்கு அஞ்சு நம்பர் போட்டுப் பாக்குறோம். போன மாசம் ஒண்ணு சுவிட்ச் ஆஃப், ஒண்ணு வேற யாரோ எடுத்தாங்க. நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அவனாவே எந்திரிச்சு வந்து, "டீச்சர், எங்க அப்பத்தா இப்ப பகல்ல வீட்ல இல்ல, கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போகுது, சித்தி நம்பர எழுதிக்கோங்க"ன்னு சொன்னான். எழுதிக்கிட்டேன், சாயந்திரம் அவங்கம்மாவ வரச் சொல்லி கையெழுத்தும் வாங்கிட்டேன்.